வீட்டு ரவிவர்மா படத்தால் நான் பட்ட பாடு

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும், வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், ரவிவர்மா படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் கீழே இறக்குவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு இதில் ஐந்து மாதம் போனது. ஏறத்தாழ 60,000 ரூபாய் போனது. பணம் போனதைக்கூட ஒரு மாதிரி மனது ஏற்றுக்கொண்டுவிட்டது. பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாத ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்து அழித்துவிட்டு வந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தனியாகவே அலைந்தேன். யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி வழியிலேயே திரும்பியிருப்பேன்.

எங்கள் வீடு காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் இடையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் அவருடைய அப்பச்சி (அப்பா) கட்டியது. இப்போது நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, பங்கு. யாரும் குடியில்லை. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கும் திறப்போம், சாமான்களைத் துடைப்போம், மறுபடி பூட்டிவிடுவோம். நான் திருச்சியில் வேலை பார்ப்பதால், பங்காளிகளில் பக்கத்தில் இருப்பவன் நான்தான். அதனால் சாவி என்னிடம். போன ஜனவரியில் போய்ப் பார்த்தபோது ஓடு நகர்ந்து வளவுச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. எங்கள் பங்குக்கு வந்த அறையான இரட்டை வீட்டு வாசலுக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்த எட்டுப் படங்களில் ஒன்றின் மரச்சட்டத்துக்குப் பின்னால் ஈரம். நளனைப் பற்றிச் சொல்லும் அன்னத்தைத் தமயந்தி கேட்டுக்கொண்டு நிற்கிற படம் அது. ஏணி வைத்து இறக்கினேன்.

சின்ன வயதிலிருந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்த படம்தான். கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தமயந்தியின் புடவை வரைந்த புடவையாக இல்லை. சிவப்பு வெல்வெட்டை மடிப்பு மடிப்பாக வெட்டிப் படத்தின் மேலேயே வைத்துத் தைத்திருந்தது. கரைக்கு ஜரிகை. கழுத்தில் கடுகளவு முத்துக் கோத்து இரண்டு சரம். தலைப்பு முழுக்கச் சம்கி, பாதி கறுத்துப் போயிருந்தது. கண்ணாடிக்குள் ராமபாணப் பூச்சி செத்துக் கிடந்தது. பார்த்ததும் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். நல்ல படத்தின் மேல் யாரோ எதையோ ஒட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஓடு மாற்ற வந்தவர்கள் மூலமாகப் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தூண், நிலை, எனாமல் பாத்திரம் எதையும் நான் விற்பதாக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி, அன்னத்தின் மேல் விரலால் தடவிக் காட்டினார். “அண்ணே, துணி நெசவு கையில தட்டுது பாருங்க. இது கேன்வாஸ். ரவிவர்மா கையாலயே வரைஞ்சது. மேல இருக்க இந்தக் குப்பையை எடுத்துட்டுச் சுத்தம் பண்ணி வச்சீங்கன்னா லட்சக்கணக்குல போகும்” என்றார். நான் தடவிப் பார்த்தேன். நெசவு மாதிரித்தான் சொரசொரவென்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய ஓவியர் வரைந்த படம் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது, ஐயாவுக்கு அந்த ரசனை இருந்திருக்கிறது என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. பெருமை ஏறிவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் வாயில் வராது.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் நெசவு தட்டுவதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். ரவிவர்மா தன் படங்களை நிறையப் பேர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1894இல் பம்பாய் காட்கோபரில் கல் அச்சுக்கூடம் ஆரம்பித்தார். பிறகு அது லோணாவ்லாவுக்குப் பக்கத்தில் மளவ்லிக்கு மாறியது, கொஞ்ச வருஷத்தில் ஷ்லைகர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பக்காரர் கைக்குப் போனது, ரவிவர்மா 1906இல் காலமான பிறகும் பல காலம் நடந்தது. 1972இல் தீப்பிடித்து அழிந்தது. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தை ஏற்றி, ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். இந்த வகை அச்சில், பார்க்க எண்ணெய் ஓவியம் மாதிரியே இருக்கட்டும் என்று மேலே வார்னிஷ் பூசி, கேன்வாஸ் நெசவு மாதிரித் தாளில் அழுத்தியும் கொடுப்பது உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் வரிசை வரிசையாக இருப்பவை பெரும்பாலும் இந்த அச்சுப் படங்கள்தான். கண்டுபிடிக்க நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸ் போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற ஒன்று காரைக்குடியிலேயே 150 ரூபாய்க்குக் கிடைத்தது. முகத்தில் வைத்துப் பார்த்தால் அச்சுப் படத்தில் பல நிறப் புள்ளிகள் தெரியும். தூரிகையால் வரைந்ததில் புள்ளி இருக்காது, சாயம் இழுத்த தடம் இருக்கும். அந்த 150 ரூபாய் லென்ஸை நான் வாங்கியது எல்லாம் முடிந்த பிறகு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வியாபாரியே படம் சுத்தம் பண்ணுகிற ஒருவரை அனுப்பினார். 42,000 ரூபாய் கேட்டார், அதில் 25,000 முன்பணம். என்ன செய்யப் போகிறார், எந்த மருந்து போடுவார், துணியை எடுத்து எங்கே வைப்பார் என்று நான் எதுவும் கேட்கவில்லை. துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. இடையில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று வியாபாரி இன்னொருவரை அழைத்து வந்தார். அவருக்கு 5,000. அவர் கொடுத்த காகிதத்தில் “ரவிவர்மா பாணி ஓவியம்” என்று இருந்தது. பாணி என்ற சொல்லை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

ஆறு வாரம் என்று சொன்ன படம் பத்து வாரம் கழித்து வந்தது. புதுச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் தனியாக 6,500 வாங்கிக்கொண்டார். காகிதம் பிரித்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புதுக் காலண்டர் மாதிரி பளபளவென்று இருந்தது. வெல்வெட், ஜரிகை, முத்து, சம்கி எதுவும் இல்லை. தமயந்தியின் வலது கண்ணுக்குப் புதிதாக மை எழுதியிருந்தார்கள், அதனால் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், அதனால் உடனே தெரிந்துவிட்டது. படத்தின் அடியில் வெள்ளையாக ஒரு விளிம்பு இருந்தது, அதில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்து ஒரு எண்ணும் போட்டிருந்தது. புதுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த விளிம்பையே வெட்டி எடுத்துவிட்டார். எடுத்த துணி எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் தொட்டாலே பொடிப்பொடியா உதிர்ந்துருச்சு சார், அப்பவே போட்டாச்சு” என்றார். படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த மல் துணியையும் உரித்திருந்தார்.

அதே வியாபாரிக்குத் தகவல் சொன்னேன். வந்தார், பார்த்தார், இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை. “இது பிரிண்டுண்ணே. விளிம்பு வேற வெட்டியாச்சு. மூவாயிரம்னா எடுத்துக்கிறேன்” என்றார். போன தடவை லட்சம் என்றீர்களே என்றதற்கு, துணி மூடியிருந்ததால் தெரியவில்லை என்றார். அவர்களுக்குள் என்ன ஏற்பாடோ, நான் தோண்டிப் பார்க்கப் போகவில்லை. கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வீட்டில் மனைவி, “படம் என்னாச்சு, வந்துருச்சா” என்று கேட்டபோது இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

அப்போதுதான் அசல் எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. ஐந்து மாதமாக ஒரு படத்தைப் பற்றி இத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன், ரவிவர்மா வரைந்த ஓவியம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதுதான். அன்னமும் தமயந்தியும் அவர் 1899இல் வரைந்தது, அசல் இருப்பது திருவனந்தபுரத்தில். அங்கே அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்தில்தான் அவருடைய படங்கள் நெடுங்காலம் இருந்தன. இப்போது அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்றே தனிக் கட்டடம் கட்டி 2023இல் திறந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் பஸ் ஏறி மதுரை, அங்கிருந்து ராத்திரி ரயில். திங்கட்கிழமை காலை மழையில் நனைந்தபடி ஆட்டோவில் போய் வாசலில் இறங்கினேன். கதவு சாத்தியிருந்தது. காவலுக்கு இருந்தவர் என் பையையும் ஈரச் சட்டையையும் பார்த்துவிட்டு, “இந்நு அவதியாணு. திங்கள்கிழமை லீவு, நாளைக்கு வாங்க” என்று பாதித் தமிழில் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை முட்டியது. திங்கட்கிழமை விடுமுறை என்பது எவ்வளவு எளிதாகத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம்! புதன்கிழமையும் பிற்பகல் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4.45க்கு மூடிவிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் திங்கட்கிழமை ராத்திரி ரயில் ஏறி, செவ்வாய்க்கிழமை காலை திறக்கும்போது போய் நிற்பதுதான் சௌகரியம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், பண்டிகை விடுமுறையும் குறுக்கே வரலாம். ஒரு ராத்திரி தங்கலாம் என்று போன எனக்கு இரண்டு ராத்திரி லாட்ஜ் வாடகை 2,800 ஆனது. ரயில், பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பயணத்துக்கு மட்டும் 6,300. அன்றைக்கு முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல், நேப்பியர் மியூசியத்தின் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம் கட்டியது, 1880இல் முடிந்தது. வேறு நாளாக இருந்திருந்தால் ரசித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு உள்ளே போனேன். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள், நான் போனபோது உள்ளே படம் எடுக்க விடவில்லை. சுத்தம் பண்ணி வந்த பிறகு எடுத்த என் வீட்டுப் படத்தின் போட்டோ போனில்தான் இருந்தது. உள்ளே போனை எடுத்தாலே பணியாளர் கை காட்டினார். உங்கள் வீட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் காகிதத்தில் பிரிண்ட் போட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். விவரங்களை எழுதிக்கொள்ள ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்.

முதல் அறையிலேயே எனக்கு நடை தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போகும் பொறுமை இல்லை. தமயந்தியைத் தேடித்தான் போனேன். கண்டதும் எதிரே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று பிறகு கணக்குப் பார்த்தால் நாற்பது நிமிஷம். எங்கள் வீட்டில் வெல்வெட் இருந்த இடத்தில் இங்கே சாயத்தில் வரைந்த சிவப்புப் புடவை. சிவப்பு என்று ஒரு நிறம் அதில் இல்லவே இல்லை. மடிப்பு உள்வாங்குகிற இடத்தில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிறது, தொடைமேல் படிகிற இடத்தில் வெளிறுகிறது. கரையைப் பார்க்கக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தேன். ஜரிகை வருகிற இடத்தில் மஞ்சள் சாயத்தைக் கெட்டியாக, பொட்டுப் பொட்டாக வைத்திருக்கிறார். அது மேலே எழும்பி நிற்கிறது, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதில் மட்டும் தட்டுகிறது. நான் நகர்ந்தால் பளபளப்பும் நகர்கிறது. எங்கள் வீட்டுப் படத்தில், சுத்தம் பண்ணி வந்த பிறகு, கரை வெறும் மஞ்சள் கோடு. எப்படித் திருப்பினாலும் அது அசையாது. அசலுக்கும் அச்சுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்தக் கரையில்தான் புரிந்தது.

பணியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து, தமிழ்நாடா என்று கேட்டார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். இப்படி வீட்டுப் படத்தின் போட்டோவோடு வருகிறவர்கள் உண்டு என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஏளனமாகப் பார்க்கவில்லை. கூச்சப்படாமல் அங்கே கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதன் பிறகுதான் மனது கொஞ்சம் அமைதியாகி மற்றப் படங்களைப் பார்த்தேன். காலில் முள் எடுப்பது போல நின்று திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, அவருடைய தம்பி ராஜராஜ வர்மா வரைந்தவை, தங்கை மங்களா பாய் வரைந்தது எல்லாம் இருக்கின்றன. குடும்பமே ஓவியக் குடும்பம் என்பது அச்சுப் படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியாது. தம்பி 1905இல் போய்ச் சேர்ந்தார், அடுத்த வருஷமே அண்ணனும். அரை நாள் ஒதுக்கினால்தான் இதெல்லாம் நிம்மதியாகப் பார்க்க முடியும். கிளிமானூரில் அவர் பிறந்த அரண்மனைக்கும் போயிருக்கலாம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். எனக்குக் கையில் பணமும் இல்லை, மனதும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “படத்தை எடுத்த எடத்துலயே மாட்டிருங்க, போய்ட்டு வருவோம்” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். வளவில் படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வந்தார். எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஊரில் இன்னும் குடியிருக்கிற மூன்று நாலு பேரில் ஒருவர். படத்தைப் பார்த்துவிட்டு, “சேலை எங்கப்பா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“தமயந்தி சேலையத்தான் கேக்குறேன். ஒங்கப்பத்தா தைச்ச சேலை. ஒங்க ஐயா கொண்டுவிக்கப் போய் மூணு வருசம் திரும்பலை. அந்த மூணு வருசமும் இந்தப் பட்டாலையில உக்காந்து அதைத்தான் தைச்சா. எங்காத்தா கூடமாட உக்காந்து முத்துக் கோத்துக் குடுத்திருக்கா. முத்து பர்மாவுலருந்து வந்ததுன்னு சொல்லுவா.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பத்தாவை எனக்கு நினைவில்லை, நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார். அவர் கையால் செய்த பொருள் என்று எங்கள் வீட்டில் இரண்டு ஓலைக் கொட்டானைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எட்டுப் படமும் அச்சுப் படம்தான், எத்தனையோ வீடுகளில் இருக்கிற அதே அச்சு. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தது அந்தப் புடவை மட்டும்தான். அதைத்தான் நான் குப்பை என்று சொல்ல விட்டுக் காசு கொடுத்து உரித்தெடுத்தேன். ரவிவர்மா சாயத்தில் எழுப்பிய ஜரிகையை அச்சு தட்டையாக்கியது. அப்பத்தா திருவனந்தபுரத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பளபளப்பு அங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நிஜ ஜரிகையை வைத்துத் தைத்துவிட்டார்.

இப்படிப் புடவை உடுத்திய அச்சுப் படங்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தத் தையலுக்காகவே. அதனால் தயவுசெய்து, யார் வந்து என்ன சொன்னாலும் முதலில் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிற வயதானவர்களிடம் கேளுங்கள். நான் அதைச் செய்யவில்லை, ஆச்சி வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. படத்தை இறக்கியதும் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை, அடி விளிம்பு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். விளிம்பை யாரையும் வெட்ட விடாதீர்கள், எந்த அச்சுக்கூடம், என்ன எண் என்பது அதில்தான் இருக்கும். வீட்டில் துடைப்பதென்றால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளில் ஈரத்துணி படவே கூடாது. பூச்சி, ஈரம் என்று உண்மையாகவே பழுது இருந்தால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லிருந்து வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, அங்கே எழுதிக் கேட்கலாம். தனியாளிடம் கொடுப்பதாக இருந்தால் என்ன செய்யப் போகிறார், எதைக் கழற்றுவார், கழற்றியதைத் திருப்பிக் கொடுப்பாரா என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு மூலையில் மட்டும் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஒருவேளை உங்கள் வீட்டில் இருப்பது உண்மையாகவே ரவிவர்மா கையால் வரைந்ததாக இருந்தாலும் சட்டம் தெரியாமல் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவருடைய படைப்புகளை 1979இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்துவிட்டார்கள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 100 வருஷத்துக்குக் குறையாத ஓவியம் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும், அதை வாங்கி விற்கும் தொழில் செய்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம் முதலில் அதைக் கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மீதி ஏழு படங்களையும் அன்றைக்கே இறக்கிப் பார்த்தோம். வேறு எதிலும் தையல் இல்லை. ஓட்டையும் சுவரையும் சரிபண்ணிய பிறகு, ஒவ்வொரு சட்டத்தின் பின்பக்கமும் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவரில் படாமல் காற்றுப் போகிற மாதிரி மாட்டினேன். தமயந்தியை மட்டும் மாட்டவில்லை. புதுச் சட்டத்தைக் கழற்றித் தாளை வெளியே எடுத்தேன். ஆச்சி அதை வாங்கி முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். புடவை இருந்த வழியெல்லாம் ஊசித் துளை. வார்னிஷ் அடைத்தது போக மீதி அத்தனையிலும் வெளிச்சம் வந்தது. ஆச்சி நகத்தால் துளைகளைத் தொட்டுக்கொண்டே போனார். “இது சங்கிலித் தையல். இங்க ஜரிகைய மடிச்சு வச்சு அமுக்கித் தைச்சிருக்கா. இந்தா, இங்க நூல் தீந்து புது நூல் போட்டிருக்கா, ரெண்டு துளை ஒண்ணா இருக்கு பாரு.” மனைவி ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து, ஆச்சி சொல்லச் சொல்ல இடம் குறித்து எழுதிக்கொண்டாள். இருட்டுகிற வரைக்கும் எழுதினோம். தலைப்பு மட்டும் பாக்கி இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்.